கருவாய்ச் செவலை எல்லாம் கோம்பை ஆகாது

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களில் திரியும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது என்றது. தேனி மாவட்டத்தில் தேனி அல்லிநகரம், பெரியகுளம், போடிநாயக்கனூர், சின்னமனூர், கம்பம், கூடலூர் என ஆறு நகராட்சிகள். பேரூராட்சிகளின் கணக்கு தனி. எல்லா ஊரிலும் பஸ் ஸ்டாண்டு உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, அங்கெல்லாம் நாயும் உண்டு. ஆகவே நாய்க் காப்பகத்தில் பராமரிப்பாளர், பதிவாளர், தத்துப் பொறுப்பாளர் என்று ஆள் தேவைப்படும் காலம் இது. கால்நடைப் பராமரிப்புப் படித்தவர்களும், படிக்காவிட்டாலும் நாயோடு பழகத் தெரிந்தவர்களும் இந்த வேலைக்கு வரலாம்.

வருகிறவர்களுக்குக் கூண்டு கழுவவும், சோறு வைக்கவும், கயிறு போட்டுப் பிடிக்கவும் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். பதிவு அட்டை எழுதச் சொல்லித் தருவது அபூர்வம். அட்டையில் பாலினம், வயது, நிறம் என்று வரிசையாகப் போய், கடைசியில் ‘இனம்’ என்று ஒரு கட்டம் நிற்கும். புதிதாகச் சேர்ந்தவர் அதிகம் தடுமாறுவது அங்கேதான். வெறுமனே விட மனம் வராது. ஏதாவது எழுதியாக வேண்டும் என்று தோன்றும். சென்னையில் என்றால் ‘லேப் கிராஸ்’ என்று எழுதுவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் எழுதுவது ‘கோம்பை’.

அதற்குக் காரணம் இருக்கிறது. கோம்பை இந்த மண்ணின் நாய். உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் கோம்பைதான் அதற்குப் பேர் கொடுத்த ஊர். செவலை உடம்பு, கறுத்த வாய், அகன்ற நெஞ்சு, நடுத்தர உயரம், காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர் போனது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றோடு சேர்த்துத் தமிழகத்தின் நான்கு நாட்டு இனங்களாகச் சொல்லப்படுபவற்றில் ஒன்று. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இந்திய நாய் இனங்களை வளர்க்கச் சொன்னபோது கோம்பையின் பெயரும் நாடு முழுக்கப் போனது. சொந்த ஊர் நாய் என்ற பெருமை நம் எல்லோருக்கும் உண்டு, இருக்கவும் வேண்டும். அந்தப் பெருமையின் பேரில் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பிடித்த ஒவ்வொரு கருவாய்ச் செவலையையும் கோம்பை என்று பதிவது மட்டும் கூடாது. அது அந்த நாய்க்கும் கெடுதல், கோம்பை இனத்துக்கும் கெடுதல், தத்தெடுப்பவருக்கும் கெடுதல்.

கண் ஏன் ஏமாறுகிறது

நாயின் வெளித்தோற்றத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் மிகக் குறைவு. முகத்தைக் கறுப்பாக்கும் மரபணு வகையின் ஒரே ஒரு பிரதி தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்தால் போதும், குட்டியின் வாய் கறுத்துவிடும். அது கோம்பைக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அல்சேஷனில் இருக்கிறது, கிரேட் டேனில் இருக்கிறது, எந்த இனக் கலப்பும் இல்லாத ஊர் நாயிலும் இருக்கிறது. குட்டை முடியும் இப்படித்தான்: நீளமுடி நாயும் குட்டைமுடி நாயும் சேர்ந்தால் முதல் தலைமுறைக் குட்டிகளுக்குக் குட்டை முடியே வரும். குட்டைக் கால் ஒரு மரபணு மாற்றத்தால் வருவது. அதாவது ஒரு நாயின் உடம்பில் இருக்கும் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் நாலைந்தின் வேலையை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு, அதன் பரம்பரையையே சொல்ல முற்படுகிறோம்.

அனுபவசாலிகளுக்குத் தெரியும் என்பார்கள். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் நான்கு காப்பகங்களில் 120 நாய்களை ஊழியர்களிடம் காட்டினார்கள். ஒவ்வொரு காப்பகத்திலும் பார்த்த நால்வரில் கால்நடை மருத்துவரும் உண்டு. 62 நாய்களைப் பிட்புல் வகை என்று எழுதினார்கள். டி.என்.ஏ. சோதனையில் அந்த வம்சம் தெரிந்தது மொத்த 120-இல் 25 நாய்களில் மட்டுமே. இந்த ஆய்வு 2015-இல் வெளியானது. 2018-இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் பெரியது: அரிசோனாவிலும் சான் டியாகோவிலும் 919 காப்பக நாய்கள். சான் டியாகோ காப்பக ஊழியர்கள் ஒரு நாயின் பரம்பரையில் ஏதாவது ஓர் இனத்தையாவது சரியாகச் சொன்னது மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகச் சொன்னது பத்தில் ஒன்றுதான். தினமும் நாய்களோடு வேலை செய்கிறவர்களின் நிலையே இது.

இங்கே நிலைமை இன்னும் சிக்கல். அமெரிக்காவில் காப்பகத்துக்கு வரும் நாய் பெரும்பாலும் உண்மையிலேயே பல இனங்களின் கலப்பு. நம் தெருநாய் அப்படி இல்லை. நவீன இனங்கள் உருவாகிச் சில நூற்றாண்டுகள்தான் ஆகின்றன. அவற்றில் பல 19ஆம் நூற்றாண்டில்தான் எழுத்துப்பூர்வமாக வரையறுக்கப்பட்டன. நம் ஊர் நாய் அதற்கெல்லாம் முன்பிருந்தே மனிதர் வசிப்பிடங்களை ஒட்டி, யாரும் தேர்ந்து இனச்சேர்க்கை செய்யாமல், தானாகப் பெருகி வந்தது. அதைக் ‘கலப்பினம்’ என்று எழுதுவதே பிழை. எந்த இரண்டு இனம் கலந்தது என்று யாராவது திருப்பிக் கேட்டால் பதில் கிடையாது. ‘நாட்டு நாய்’ என்று எழுதுங்கள். அது தெரியாததால் எழுதும் சமாதானம் கிடையாது. முழுமையான, சரியான பதில். என் கருத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் எழுதப்படும் பத்து அட்டைகளில் ஒன்பதுக்கு இதுவே பொருந்தும்.

டி.என்.ஏ. சோதனை செய்துவிடலாமே?

படித்த நண்பர்கள் கேட்பார்கள். சோதனை நிறுவனம் நாயின் எச்சில் மாதிரியைத் தன் கையிலுள்ள இனங்களின் மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்டுச் சொல்கிறது. தொகுப்பில் எது இருக்கிறதோ அதுதான் விடையாக வரும். பெரும்பாலான தொகுப்புகள் மேலை நாட்டு இனங்களை வைத்துக் கட்டியவை. கோம்பையின் மாதிரி இல்லாத தொகுப்பு அசல் கோம்பையைக்கூடக் கோம்பை என்று சொல்லாது. ஊர் நாயை அனுப்பினால் சில சோதனைகள் சம்பந்தமில்லாத இனங்களைச் சதவீதம் போட்டுத் தரும். தெற்காசிய ஊர் நாய் என்று தனியாகவே காட்டும் சோதனைகளும் உண்டு. பணம் இருந்தால் செய்யலாம். ஆனால் ஒரு நாயின் சோதனைக்கு ஆகும் செலவில் காப்பகத்தின் பல நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம். நான் தடுப்பூசியின் பக்கம்.

அட்டையை எப்படி எழுதுவது

இனத்தைக் கடைசியில் எழுதுங்கள். பார்த்ததை முதலில் எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இனத்தை முதலில் எழுதிவிட்டால் மற்ற விவரங்களை மனம் அதற்கேற்ப வளைத்துவிடும். ‘கோம்பை’ என்று எழுதிய கை, சுருண்ட வாலைப் பார்த்தாலும் எழுதாது.

மாதிரிக்கு ஓர் அட்டை. பெண் நாய், வயது சுமார் இரண்டு. நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்துவிட்டன, கீழ் முன்பல்லில் லேசான தேய்மானம். எடை 14 கிலோ. தோள் உயரம் 49 செ.மீ. குட்டை முடி, செவலை. வாயிலிருந்து கண்ணுக்குக் கீழ்வரை கறுப்பு. நெஞ்சில் உள்ளங்கை அகலத்தில் வெள்ளை, முன் வலது பாதம் வெள்ளை. இடது காது நிமிர்ந்தது, வலது காது நுனி மடிந்தது. வால் முதுகின் மேல் ஒரு சுற்று சுருண்டது, நுனியில் வெள்ளை முடி. காதில் கருத்தடை அடையாள வெட்டு இல்லை. பிடித்த இடம், தேதி, பிடித்தவர். இனம்: நாட்டு நாய், பார்வையில் மட்டும்.

இதை வைத்துக்கொண்டு இருபது செவலை நாய்கள் நிற்கும் முற்றத்தில் அந்த ஒன்றை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியும். வெறும் ‘கோம்பை, பெண், செவலை’ என்று எழுதியிருந்தால் முடியாது. 2023 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்து வரும் நாய்க்கு எண் போட்ட கழுத்துப்பட்டை மாட்ட வேண்டும்; பிடித்த இடத்தின் பதிவோடு அந்த எண் ஒத்துப்போக வேண்டும். பட்டை அறுந்து விழும் நாட்களில் உங்களைக் காப்பாற்றுவது இந்த வெள்ளைப் பாதமும் மடிந்த காதும்தான்.

சில இடங்களில் கண்ணை நம்பாதீர்கள். சொறி பிடித்து முடி கொட்டிய நாயின் முடி நீளத்தை எழுத வேண்டாம், குணமான பிறகு எழுதலாம். வெயிலில் வெளுத்த கறுப்பு நாய் செவலை போலத் தெரியும்; காதுக்குப் பின்னாலும் அடிவயிற்றிலும் விலக்கிப் பாருங்கள். வால் கட்டையாக இருந்தால் டாபர்மேன் என்று முடிவு கட்டாதீர்கள். குட்டியில் யாரோ வெட்டியிருக்கலாம், நுனியில் தழும்பு தடவிப் பார்த்தால் தெரியும். காதும் அப்படியே. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு இனம் எழுதவே எழுதாதீர்கள். முகத்துக் கறுப்பு மாறும், காது பிறகு நிமிரும், கால் நீளும். வயதுக்குப் பல்லைப் பாருங்கள்: பால்பல் 28, நிரந்தரப் பல் 42, ஏழு மாத அளவில் எல்லாம் வந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துச் சொல்வதெல்லாம் தோராயம், ‘சுமார்’ என்ற சொல்லை விடாதீர்கள்.

இனத்தின் பக்கத்தில் அது எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுவது நல்ல வழக்கம். ‘வளர்த்தவர் சொன்னது’, ‘பார்வையில் மட்டும்’, ‘பதிவுச் சான்று உண்டு’. தோட்டத்துக்காரர் ஒருவர் தன் நாயைக் கொண்டுவந்து விடும்போது, கோம்பையிலேயே வாங்கியது, தாயையும் தகப்பனையும் பார்த்தேன் என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: வளர்த்தவர் சொன்னது, கோம்பை. அவர் சொன்னதை நீங்கள் மறுக்கவும் இல்லை, உங்கள் கையெழுத்தில் உறுதி சொல்லவும் இல்லை. மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்துப் பாருங்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும், 15 இலக்க எண் வரும்.

மருத்துவர் கேட்பது வேறு

இனமே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சிகிச்சையில் அது உயிர் காக்கும் விவரமாக மாறும் இடங்கள் உண்டு. கோலி வகை நாய்கள் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறைபாட்டால் ஐவர்மெக்டின் அதிக அளவில் போனால் நரம்பு பாதிக்கும். சொறிக்குப் பரவலாகப் போடும் மருந்து அது. கிரேஹவுண்டு போன்ற ஒல்லி ஓட்ட நாய்களுக்கு தியோபென்டோன் மயக்க மருந்து கொடுத்தால் தெளிய நெடுநேரம் ஆகும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் உடல்வாகும் அப்படிப்பட்டதே. தட்டை மூக்கு பக் நாய்க்கு மயக்கத்தில் மூச்சுத் திணறும். ராஜபாளையம் போல முழு வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

இவை எல்லாவற்றிலும் மருத்துவருக்கு உதவுவது உடல்வாகு. ஒட்டிய வயிறு, தொடையில் சதையே தவிரக் கொழுப்பில்லை என்று எழுதினால் போதும், மயக்க மருந்தை அவர் யோசித்துத் தேர்ந்தெடுப்பார். வெள்ளை நாய் என்றால் அது பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து கைதட்டி, திரும்புகிறதா என்று எழுதுங்கள். தத்தெடுக்கும் குடும்பத்துக்கும் அந்த ஒரு வரி பெரிய உதவி. காது கேட்காத நாயைத் தூங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பெயரால் வரும் வினை

2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 இன நாய்களையும் அவற்றின் கலப்புகளையும் இறக்குமதி செய்யவும், விற்கவும், வளர்க்கவும் அனுமதிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. அந்தக் கடிதத்தில் ‘கலப்பு’ என்று இருந்ததைக் கவனியுங்கள். அப்படி ஒரு விதி நாளை மீண்டும் வந்தால், தலை கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஓர் ஊர் நாயின் அட்டையில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ‘பிட்புல் கிராஸ்’ அதன் வாழ்நாள் முழுக்கக் கூண்டில் இருக்கக் காரணமாகிவிடும். இது கற்பனைப் பயம் இல்லை. 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பிட்புல் என்று எழுதப்பட்ட நாய்கள், அதே தோற்றத்தில் வேறு பெயர் எழுதப்பட்ட நாய்களைவிட மூன்று மடங்குக்கு மேல் காப்பகத்தில் காத்துக் கிடந்தன.

நல்ல பெயரும் இதே அளவு கெடுக்கும். கோம்பை என்று எழுதினால் நாய் சீக்கிரம் தத்துப் போகும், உண்மைதான். ஆனால் திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலத்தோட்டத்துக்கும் காவலுக்கு என்று நம்பிக் கொண்டுபோனவர், அது அந்நியரைக் கண்டு வாலாட்டினால் ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். திருப்பிக்கூடக் கொண்டுவராமல் ரோட்டில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அசல் இன நாயே இனத்துக்கேற்ற குணத்தோடு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பெரிய ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை வைத்து, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிகிறது என்றது.

கோம்பை இனத்துக்கு இதனால் வரும் சேதம்தான் எனக்குப் பெரிய கவலை. தேசிய விலங்கு மரபு வளப் பணியகம், கர்னாலில் இருப்பது, மாடு ஆடுகளைப் போல நாய் இனங்களையும் முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியபோது முதலில் சேர்ந்தவை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல். கோம்பை அந்த முதல் வரிசையில் இல்லை. ஓர் இனத்தைப் பதிவு செய்ய எந்த ஊரில், என்ன உருவத்தில், எத்தனை இருக்கின்றன என்ற கள விவரம் நம்பகமாக இருக்க வேண்டும். பிறந்த ஊரிலேயே கண்ட நாயையும் கோம்பை என்று எழுதிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு எப்படித் தேறும்? காப்பகத்து அட்டையைக் காட்டி, கருத்தடை செய்யாத நாயைக் குட்டி போடவிட்டு, ‘கோம்பைக் குட்டி’ என்று விற்கவும் ஆள் வரும். 2017-இன் மத்திய விதிகளின்படி, பதிவு செய்யாமல் நாய் இனப்பெருக்கம் செய்து விற்பது குற்றம். அதற்கு உங்கள் அட்டை சாட்சியாகக் கூடாது. கருத்தடை செய்யாத நாயைத் தத்துக் கொடுக்காதீர்கள்.

தத்துக் கேட்டு வருபவரிடம்

இந்த வேலையில் பாதி பேச்சுதான். சின்னமனூர்க்காரர் ஒருவர் வந்து கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“தம்பி, இது கோம்பைதான? தோட்டத்துக் காவலுக்கு வேணும்ப்பா.”

“அண்ணே, தாய் தகப்பன் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல பிடிச்சது. செவலை, வாய் கறுப்பு, அவ்வளவுதான் சொல்ல முடியும். ராத்திரி புது ஆள் வந்தா குரைக்குது, கடிக்கப் போறதில்ல. பக்கத்துக் கூண்டு நாயோட சண்ட இல்ல. பூனையப் பாத்தா விரட்டுது, வீட்டுல பூன இருந்தா யோசிச்சுக்கங்க. ரெண்டு தடவ வந்து பழகிப் பாருங்கண்ணே, அப்புறமா முடிவு பண்ணலாம்.”

‘தெரியாது’ என்று சொன்ன மறு வாக்கியத்திலேயே தெரிந்ததைச் சொல்லத் தொடங்குங்கள். வருபவர் இனம் கேட்பது, அதை வைத்து நாயின் குணத்தை ஊகிக்கத்தான். குணத்தையே நேராகச் சொல்லிவிட்டால் இனக் கேள்வி பெரும்பாலும் அடங்கிவிடும். இதற்காக நீங்கள் அந்த நாயை நாலு நேரத்தில் பார்த்திருக்க வேண்டும்: சோறு வைக்கும்போது, கயிறு போடும்போது, குழந்தை வரும்போது, இரவில். பார்த்ததைத் தேதியோடு அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். ‘சாது’, ‘ஆக்ரோஷம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், என்ன நடந்தது என்பதை எழுதுங்கள். தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுப்பவரின் பொறுப்பு என்று 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் அவரிடம் தெளிவாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக்குத் தயாராக

தேனி வீரபாண்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. காப்பக ஊழியர்கள் அங்குள்ள மருத்துவர்களிடம் பல் பார்க்கவும், உயரம் அளக்கவும், உடல் நிலைக்கு மதிப்பெண் போடவும் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். கோம்பை ஊரில் தலைமுறையாக நாய் வளர்ப்பவர்களின் வீட்டுக்கும் போய், அசல் நாய்களைக் குட்டி முதல் கிழம் வரை பாருங்கள். தையல்காரர் டேப், ஒரு தராசு, கைப்பேசி கேமரா இவையே தொழில் கருவிகள். ஒவ்வொரு நாயையும் இடப்பக்கம், வலப்பக்கம், முகம், வால் என நான்கு படம் எடுத்து, அட்டை எண்ணோடு சேமியுங்கள்.

சேர்ந்த முதல் மாதத்தில், பழைய பதிவேட்டில் ‘கோம்பை’ என்று இருக்கும் வரிகளை மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள். எதற்கெல்லாம் ஆதாரம் இல்லையோ அதற்கெல்லாம் ‘பார்வையில் மட்டும்’ என்று சேர்த்து, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பழைய எழுத்தை அழிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ரேபிஸ் முன்தடுப்பு ஊசியை முழுத் தவணையும் போட்டுக்கொண்டு வேலைக்கு வாருங்கள். நாயின் வாயைத் திறந்து பல் பார்க்கப் போகிறீர்கள்; சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.